கிலோமீட்டர் கணக்கும் நொடிக் கணக்கும்

திருவிடந்தையை நித்யகல்யாணப் பெருமாளுக்காகத் தெரிந்தவர்கள் உண்டு. 2018 ஏப்ரலில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியால் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கோ அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடந்துபோகும் ஊர். ஞாயிறு விடியலில், சாலையில் வேன்களும் பேருந்துகளும் நிறைவதற்கு முன்னால், முட்டுக்காடு பாலம் தாண்டி அணி அணியாக வருகிறார்கள். இறுக்கமான ஜெர்சி, ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கருவி, பின்னால் சிவப்பு விளக்கு. திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றால் காதில் விழும் முதல் கேள்வி "இன்னைக்கு எத்தனை?" என்பதுதான். எண்பது என்றால் சுமார். நூறு என்றால் மரியாதை. 200 கிலோமீட்டர் பிஆர்எம் நெடுந்தூர ஓட்டம் முடித்தவர் என்றால் தனி மரியாதை. உடம்பைப் பேண ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கில் எந்தக் குறையும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே கணக்கைக் கொண்டுதான் தமிழ்நாடு தன் சைக்கிள் வீரர்களைத் தேடுகிறது. பெரும்பாலும் அதே கணக்கில்தான் அவர்களுக்குப் பயிற்சியும் தருகிறது.

ஆண்டுதோறும் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டம்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். மாணவர்களுக்கு 15, 20 கிலோமீட்டர். மாணவிகளுக்கு 10, 15 கிலோமீட்டர். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளைத்தான் கொண்டுவர வேண்டும். ஏழைப் பிள்ளையும் கலந்துகொள்ளும்படி யோசித்து வைத்த நல்ல விதி அது. ஆனால் அந்தப் போட்டியில் வெல்வது யார்? அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே வேகத்தில் மிதிக்கத் தெரிந்த பிள்ளை. பத்து நொடிக்குள் வெடித்துக் கிளம்பும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. அவன் மூன்றாவது கிலோமீட்டரிலேயே பின்தங்கி, சைக்கிள் தனக்கு ஒத்துவராது என்று கபடிக்கோ கால்பந்துக்கோ போய்விடுவான். இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், கோவளத்தில் உள்ளே திரும்பி, கேளம்பாக்கம் தாண்டி வண்டலூர் சாலையில் போனால் வரும் மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு வெலோட்ரோம் (சைக்கிள் பந்தயப் பாதை) இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளின் டிராக் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. சரிந்த வளைவுகளுடன் பாதை கட்டியாகிவிட்டது. அந்தப் பாதைக்குரிய ஓட்டக்காரர்களை நெடுஞ்சாலைக் கணக்கில் தேடினால் கிடைக்க மாட்டார்கள், நெடுஞ்சாலைக் கணக்கில் பழக்கினால் தேற மாட்டார்கள் என்பதே என் வாதம்.

டிராக் சைக்கிளில் ஸ்பிரிண்ட் வகை என்பது சில பந்தயங்களின் குடும்பம். தனிநபர் ஸ்பிரிண்டில் முதலில் ஒவ்வொருவராக 200 மீட்டரை ஓடும் வேகத்திலேயே கடந்து தகுதி பெற வேண்டும். பிறகு இருவர் இருவராக மோதுவார்கள். முதல் சுற்றுகளில் ஊர்ந்து, ஒருவரை ஒருவர் நோட்டம் பார்த்து, சில நேரம் சைக்கிளை அப்படியே நிறுத்தி வைத்துச் சமாளித்து, கடைசி 200 மீட்டரில் பாய்வார்கள். கெய்ரின் 1948இல் ஜப்பானின் கொகுராவில் பிறந்தது. ஒரு மோட்டார் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர்வரை வேகத்தை ஏற்றிக்கொடுத்துவிட்டு மூன்று சுற்று பாக்கியிருக்கும்போது விலகிக்கொள்ளும். டீம் ஸ்பிரிண்டில் மூவர். ஆளுக்கொரு சுற்று முன்னால் இழுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். இவற்றோடு, நின்ற நிலையிலிருந்து தனியாக ஓட்டும் ஒரு கிலோமீட்டர். 2004 ஏதென்சுக்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். உலகச் சாம்பியன் போட்டியில் இன்றும் உண்டு. 2025 முதல் பெண்களுக்கும் 500 மீட்டருக்குப் பதிலாக அதே ஒரு கிலோமீட்டர்தான். 200 மீட்டரில் இன்றைய உலகச் சாதனை, 2025 ஆகஸ்டில் துருக்கியின் கோன்யாவில் மேத்யூ ரிச்சர்ட்சன் ஓட்டிய 8.857 நொடி. மணிக்கு 81 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிலோமீட்டரில் 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகுவாஸ்காலியன்டெஸில் நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹூக்லாண்ட் ஓட்டியது 55.433 நொடி, நின்ற இடத்திலிருந்து கிளம்பியும் சராசரி மணிக்கு 65 கிலோமீட்டர். மொத்தக் குடும்பத்திலும் ஒரு நிமிடச் சொச்சத்துக்கு மேல் முழு மூச்சாக மிதிக்கும் வேலை கிடையாது.

இந்த ஒரு நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் நம் பழக்கம் காலை வாருகிறது. நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர் பிள்ளைக்குச் சொல்லும் முதல் புத்தி, "ஆரம்பத்திலேயே எல்லாத்தையும் கொட்டிடாதே, கடைசிக்கு வச்சுக்கோ" என்பது. நான்கு கிலோமீட்டர் பர்சூட் பந்தயத்துக்கும் ஒரு மணி நேரச் சாதனைக்கும் அது நல்ல புத்திதான். 2022 அக்டோபரில் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டியது, ஏறக்குறைய ஒரே வேகத்தைக் கடைசிவரை பிடித்துவைத்துத்தான். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது; மணிக்கு 50இலிருந்து 60க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடும், காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ சுமார் 73 சதவீதம் கூடிவிடும். அதனால் நீண்ட ஓட்டத்தில் வேகத்தை ஏற்றி இறக்குவது நஷ்டம். ஒரு கிலோமீட்டர் அப்படியல்ல. அங்கே ஓட்டத்தின் கணிசமான பகுதி, நின்றுகொண்டிருக்கும் வண்டியை வேகத்துக்குக் கொண்டுவரும் பாடு. எவ்வளவு சீக்கிரம் அந்த வேகம் வருகிறதோ, அவ்வளவு அதிகத் தூரத்துக்கு அதன் பலன் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, முடிவுக்கோட்டில் வேகம் மணிக்கு 60 என்றால், சக்கரத்தோடு சேர்ந்து கோட்டைத் தாண்டிப்போகும் இயக்க ஆற்றல் சுமார் 12,500 ஜூல். 50ஆகத் தளர்ந்து வந்தால் அது 8,700க்கும் கீழே. அந்த வித்தியாசம் முன்பே செலவாகி நேரமாக மாறியிருக்க வேண்டியது. மாதக் கடைசியில் கையில் மிஞ்சிய பணம் அடுத்த மாதத்துக்கு ஆகும். கோட்டைத் தாண்டியபின் மிஞ்சிய வேகம் எதற்கும் ஆகாது.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. நெதர்லாந்தின் யோஸ் தெ கோனிங்கும் அவருடைய சகாக்களும் 1999இல் ஆற்றல் ஓட்ட மாதிரி ஒன்றை வைத்து டிராக் பந்தயங்களை ஆராய்ந்தார்கள். ஆயிரம் மீட்டருக்குத் தொடக்கம் முதல் முழு மூச்சு. நாலாயிரம் மீட்டருக்குச் சுமார் 12 நொடி முழு மூச்சு, பிறகு சீரான வேகம் என்று அவர்களுக்கு விடை கிடைத்தது. பந்தயப் பாதையில் நடப்பதும் இதுதான். 250 மீட்டர் பாதையில் ஒரு நிமிடத்தில் முடிக்கிற ஒருவருக்கு முதல் சுற்று 18, 19 நொடி ஆகும். இரண்டாவது சுற்று 13க்குச் சற்று மேலே, அதுதான் உச்சம். மூன்றாவது அரை நொடி தளரும். நான்காவதில் கால் கல்லாகும், நேரம் இன்னும் ஒரு நொடிபோல விழும். பார்க்கிறவருக்கு அது தோல்விபோலத் தெரியும். உண்மையில் சரியாக ஓட்டியவரின் நான்காவது சுற்று அப்படித்தான் இருக்கும். கடைசிச் சுற்றில் பாய்ந்து வந்து கைதட்டு வாங்குகிற பிள்ளை, முதல் சுற்றில் எங்கோ நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு வரும். முழு மூச்சு என்று சொல்லிவிட்டால் அனுபவமில்லாத பிள்ளை முதல் நூறு மீட்டரில் தலைகால் தெரியாமல் மிதித்து, மூன்றாவது சுற்றிலேயே நின்றுவிட மாட்டானா? மாட்டான், அவனுடைய கியரைச் சரியாகத் தேர்ந்திருந்தால். டிராக் சைக்கிளில் ஒரே கியர்தான், பிரேக் கிடையாது, மிதிப்பதை நிறுத்தி உருளவிடவும் முடியாது. ஆகவே ஓட்டத்தின் வேகத் திட்டம் பந்தயத்துக்கு முன்பே, சங்கிலிச் சக்கரத்தின் பற்களை எண்ணும்போதே முடிவாகிவிடுகிறது. முன்னே 50 பல், பின்னே 14 பல் என்றால் ஒரு மிதிக்கு வண்டி சுமார் ஏழரை மீட்டர் போகும். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 145 மிதி வேண்டும். முன்னே 60 பல் போட்டால் ஒரு மிதிக்கு ஒன்பது மீட்டர். அதே வேகத்துக்கு 121 மிதி போதும். தசை தன் உச்ச சக்தியைக் கொடுப்பது நிமிடத்துக்கு 120, 130 மிதி அளவில். உலகம் முழுக்க ஸ்பிரிண்ட் ஓட்டக்காரர்கள் இருபது ஆண்டுகளாகப் பெரிய பெரிய கியருக்கு நகர்ந்ததன் காரணம் இதுதான். ஆனால் நின்ற நிலையிலிருந்து அந்தப் பெரிய கியரை உருட்டிக் கிளப்ப, தொடையிலும் இடுப்பிலும் பலம் வேண்டும். அந்தப் பலம் கடற்கரைச் சாலையில் வராது. பளுப் பயிற்சிக் கூடத்தில்தான் வரும். வேகத்தைப் பங்கிடும் பேச்சு பயிற்சிப் பேச்சாக மாறுவது இந்த இடத்தில்தான்.

தொடக்கத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பின்சக்கரத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஸ்டார்டிங் கேட்டில் ஓட்டக்காரர் நிற்கிறார். எண்ணிக்கை இறங்குகிறது. கடைசி நொடிக்குச் சற்று முன் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கேட் விடும் கணத்தில் மொத்த உடம்பையும் முன்னால் எறிகிறார். அரை நொடி முந்தினால் பிடியோடு மோதி வேகம் சாகும்; அரை நொடி பிந்தினால் முதல் மிதி வெறும் மிதி. பிறகு அரைச் சுற்று எழுந்து நின்று மிதித்து, வளைவின் நடுவில் வண்டி ஆடாமல் இருக்கையில் உட்கார வேண்டும். உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு கறுப்புக் கோடு. அதுதான் அளந்த தூரம். அந்தக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் விலகியே ஒரு சுற்று ஓட்டினால் ஒன்றேகால் மீட்டர் கூடுதலாகப் போயாக வேண்டும். நான்கு சுற்றுக்கு ஐந்து மீட்டர். மணிக்கு 60 வேகத்தில் அது 0.3 நொடி. பயிற்சியில் 0.3 நொடி குறைக்க ஒரு பருவம் ஆகும். கோட்டைப் பிடித்து ஓட்டக் கற்றால் சில வாரத்தில் கிடைத்துவிடும். இதில் எதையும் திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம்வரை எத்தனை தடவை போய்வந்தாலும் கற்றுக்கொள்ள முடியாது. (லாரிகளும் சுற்றுலா வேன்களும் ஓடும் சாலையில் பதினைந்து வயதுப் பிள்ளையை முழு வேகத்தில் விடுவது சரியா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்லப் பந்தய அறிவியல் தேவையில்லை.)

பெற்றோருக்கு மிகவும் சங்கடமாக இருக்கப்போவது ஓய்வு. தசையில் உடனடி வெடிப்புக்கு எரிபொருளாக இருக்கும் பாஸ்போகிரியேட்டின் பத்து நொடி முழு முயற்சியில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அரை நிமிடத்தில் அதில் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். முழுமையாகத் திரும்பப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் மறுபடி கிளப்பினால் அது வேகப் பயிற்சி அல்ல, களைப்பைத் தாங்கும் பயிற்சி. அதனால் நல்ல ஸ்பிரிண்ட் பயிற்சி நாள் ஒன்று வெளியே இருந்து பார்த்தால் சோம்பேறித்தனமாக இருக்கும். ஒரு பாய்ச்சல், கால் மணி நேரம் நாற்காலியில், மறுபடி ஒரு பாய்ச்சல். ஆறு தடவை. முழு மூச்சில் மிதித்த நேரத்தைக் கூட்டினால் இரண்டு நிமிடம்கூட வராது. "ரெண்டு மணி நேரத்துல பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கான், இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வர்றோம்?" என்று கேட்கத்தான் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பயிற்சியாளர்கள் பிள்ளையை மேலும் முப்பது சுற்று விடுகிறார்கள். வியர்வை வந்தால் எல்லோருக்கும் திருப்தி. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டொமாராஸ், மெக்கின்டாஷ் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் திருப்தியை நேராகவே சோதித்தது. நன்கு பயிற்சி பெற்ற பத்து டிராக் ஓட்டக்காரர்களை வழக்கமான நீண்ட வார்ம்-அப் ஒரு முறை, சுருக்கமான வார்ம்-அப் ஒரு முறை செய்யவைத்து அளந்தார்கள். சுருக்கமாகச் செய்தபோது உச்ச சக்தி சுமார் 6 சதவீதம் கூடுதலாக வந்தது. பந்தயத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்துகிறோம் என்று நினைத்துச் செய்த வேலையே உடம்பைக் களைப்பாக்கிக்கொண்டிருந்தது. தேர்ந்தவர்களுக்கே இப்படியென்றால், காலையில் 40 கிலோமீட்டர் சாலையில் ஓட்டிவிட்டு மாலையில் 200 மீட்டருக்கு நேரம் எடுக்கும் பள்ளிப் பிள்ளையின் எண்ணை வைத்து அவனை எப்படி எடைபோடுவது?

நெடுந்தூரமும் பலமும் இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். அதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்கரான ராபர்ட் ஹிக்சன் 1980இல் பத்து வாரம் ஒரு குழுவுக்குப் பளுப் பயிற்சி மட்டும், ஒரு குழுவுக்குத் தாக்குப்பிடிக்கும் பயிற்சி மட்டும், மூன்றாம் குழுவுக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். இரண்டும் செய்தவர்களின் பலம் முதல் ஆறேழு வாரம் பளு மட்டும் செய்தவர்களைப் போலவே ஏறியது, பிறகு நின்றது, கடைசி வாரங்களில் இறங்கவே தொடங்கியது. அதன்பின் வந்த ஆய்வுகள், அளவும் நேரமும் பார்த்துக் கலந்தால் இந்த இழப்பைக் குறைக்கலாம் என்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அளவு பார்த்துக் கலப்பது வேறு, கிலோமீட்டரை அடித்தளமாக வைத்து அதன்மேல் ஸ்பிரிண்டைத் தூவுவது வேறு.

இங்கே எதிர்த்தரப்புக்கு வலுவான ஒரு வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு நிமிடம் முழு மூச்சில் மிதித்தால் செலவாகும் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு பிராணவாயு வழியாகவே வருகிறது. மேலும் தனிநபர் ஸ்பிரிண்டில் ஒரே நாளில் பல மோதல்கள். முடிவை நெருங்கும் கட்டங்களில் மூன்று ஓட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும் என்ற கணக்கு. ஓட்டங்களுக்கு நடுவே சீக்கிரம் தேறி வருகிற உடம்புக்கு நுரையீரலும் இதயமும் பழகியிருக்க வேண்டும். சரிதான். அந்தப் பழக்கத்துக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள், ஒரு மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய இலகுவான ஓட்டம் போதும். நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ரோலர் மேலேயே செய்யலாம். தினமும் 60, 80 கிலோமீட்டர் தேவை என்பதற்கு அந்த வாதம் ஆதாரமாகாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட், கெய்ரின், டீம் ஸ்பிரிண்ட் மூன்றிலும் தங்கம் வென்ற ஹாரி லாவ்ரெய்சன் நெடுஞ்சாலைப் பந்தயத்திலிருந்து வந்தவர் அல்ல. பிஎம்எக்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர்; தோள் காயங்களால் அதை விட்டு டிராக்குக்கு வந்தார். பிஎம்எக்ஸ் பந்தயம் ஒரு நிமிடம்கூட ஓடாது. உலகின் மிகச் சிறந்த ஸ்பிரிண்டரின் அடித்தளமே அரை நிமிடச் சொச்சப் பந்தயங்களில் போடப்பட்டது.

நம் நாட்டுச் சான்றும் அதே பக்கம்தான் நிற்கிறது. டெபோரா ஹெரால்ட் கார் நிக்கோபாரில் வளர்ந்தவர், ஒன்பது வயதில் சுனாமியிலிருந்து தப்பியவர்; 2015 இறுதியில் 500 மீட்டர் டைம் டிரயல் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தில் இருந்தார். அந்தத் தீவை முழுக்கச் சுற்றிவந்தாலும் நூறு கிலோமீட்டர் தேறாது. அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் எய்கிலில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் வெள்ளி வென்றார். உலகச் சாம்பியன் போட்டியில் இந்திய சைக்கிளுக்கு அதுவே முதல் பதக்கம். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடரில் ஜூனியர் டீம் ஸ்பிரிண்டில் தங்கம். அந்த அணியில் இருந்த மணிப்பூரின் ரொனால்டோ சிங் 2022இல் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில், சீனியர் பிரிவு ஸ்பிரிண்டில் வெள்ளி எடுத்தார். 1964 டோக்கியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்குக்கு ஒரு சைக்கிள் வீரரைக்கூட அனுப்பாத நாடு இது. அப்படிப்பட்ட நாட்டுக்கு இத்தனையும் கிடைத்தது ஸ்பிரிண்ட் வகையில்தான், நெடுந்தூரத்தில் அல்ல. டெல்லி இந்திரா காந்தி அரங்கத்தின் 250 மீட்டர் மரப் பாதையும், அங்கே தங்கிப் பயில வைத்த தேசிய அகாடமியும் அதற்குப் பின்னால் இருந்தன. ஜூனியரில் உலகத்தை எட்டியவர்கள் சீனியரில் அந்த உயரத்தைத் தொடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பிறகு வரும் பெரிய கியரும் பளுவும் பந்தய அனுபவமும் ஒரே ஒரு நகரத்தில் மட்டும் கிடைத்தால் அப்படித்தான் ஆகும். தெற்கில் இன்னொரு மையம் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்பிரிண்டர் பிறக்கிறான், உருவாக்கப்படுவதில்லை என்று சிலர் சொல்வார்கள். வேகத் தசை நார்களின் விகிதத்தில் பிறப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த வாதம் யாருக்கு உதவுகிறது என்று யோசிக்க வேண்டும். பிறவியிலேயே வேகம் உள்ள பிள்ளை ஊரில் இருக்கிறான் என்றால், அவனைக் கண்டுபிடிக்கிற சல்லடை முக்கியமாகிறது. 20 கிலோமீட்டர் பந்தயம் என்ற சல்லடை அவனைத்தான் முதலில் கீழே தள்ளுகிறது. பளு தூக்கினால் பிள்ளைகளின் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயமும் நம் வீடுகளில் உண்டு. தகுந்த மேற்பார்வையில், முதலில் உடல் எடையோடும் பிறகு லேசான பளுவோடும் முறையாகக் கற்றுத்தரும் பயிற்சி வளரிளம் பருவத்தினருக்குப் பாதுகாப்பானது என்பதே உலகெங்கும் விளையாட்டு மருத்துவர்களின் நிலைப்பாடு. மேற்பார்வை இல்லாமல் ஊர் ஜிம்மில் பெருமைக்குத் தூக்குவதுதான் ஆபத்து.

வெயிலைக் காரணம் காட்டுவோரும் உண்டு. நெடுந்தூரக்காரருக்கு நம் கடற்கரை வெக்கை எமன். ஸ்பிரிண்டருக்கு அது பாதி நண்பன். 35 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஆறேழு சதவீதம் குறைவு. காற்றின் எதிர்ப்பும் அதே அளவு குறையும். சாதனை தேடி மெக்சிகோவுக்கும் பொலிவியாவுக்கும் மலையேறிப் போவது இந்த மெல்லிய காற்றுக்காகத்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் வெலோட்ரோமை 28 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் வீரர்கள் வார்ம்-அப்புக்கும் பந்தயத்துக்கும் நடுவே தொடை ஆறாமல் இருக்க, பேட்டரியில் சூடேறும் கால்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு இங்கே இலவசம். காற்றுதான் உண்மையான தொல்லை. திறந்தவெளிப் பாதையில் பின்காற்று கொடுப்பதைவிட எதிர்க்காற்று அதிகமாகப் பிடுங்கிக்கொள்ளும். அன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிட முடியாமல் போகும். ஆகவே நேரம் எடுப்பதைக் கடல்காற்று கிளம்பும் முன் காலையிலும், கிளப்பும் பயிற்சியையும் பளுவையும் மாலையிலும் வைத்துக்கொள்ளலாம். பள்ளி நேரத்துக்கும் அது ஒத்துவரும்.

செலவும் மலைப்பாக இல்லை. பெரிய செலவான பாதை ஏற்கெனவே நிற்கிறது. ஒரு ஸ்டார்டிங் கேட், 200 மீட்டருக்கு மின்னணு நேரக் கருவி, வெவ்வேறு பற்கள் கொண்ட சங்கிலிச் சக்கரங்களின் ஒரு தொகுப்பு, சில டிராக் சைக்கிள்கள், ரோலர்கள், திருப்போரூர், கேளம்பாக்கம், மாமல்லபுரம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வேன். பல்கலைக்கழகமும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்தால் முடியாத காரியம் அல்ல. 2022இல் பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாடைச் சில மாத அவகாசத்தில் நடத்திக் காட்டிய மாநிலம் இது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் தேசிய அளவுக்கு எழுந்த கதை கண்முன்னே இருக்கிறது. அங்கே அலை முன்பே இருந்தது. பலகையும் கற்றுத்தர ஆளும்தான் பிறகு வந்தன.

அதற்கும் முன்னால், ஒரு ரூபாய் ஒதுக்கீடு கேட்காமலே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த செப்டம்பரில் அண்ணா மிதிவண்டிப் போட்டிக்காகச் சாலையை மறிக்கும்போது, 10, 15, 20 கிலோமீட்டர் பந்தயங்கள் கிளம்புவதற்கு முன், அதே பிள்ளைகளை அதே சாதாரண சைக்கிளில் 200 மீட்டர் தனித்தனியாக ஓட்டவிடலாம். முன்னே நூறு மீட்டர் வேகமெடுக்க. பிறகு இரண்டு கொடிகளுக்கு நடுவே நேரம். ஆளுக்கு அரை நிமிடம்தான் ஆகும். 13 வயதுப் பிரிவில் இந்த 200 மீட்டரில் முதலாவதாக வரும் பெண், சற்று நேரத்தில் 10 கிலோமீட்டரில் முப்பதாவதாக வந்து சேரலாம். பரிசுப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. மேலக்கோட்டையூருக்கு அனுப்பும் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதாக இருக்க வேண்டும்.